மூன்றாம் எண் மைக்

உலான்-உதேயில் மார்ச் என்றாலும் குளிர்காலம்தான்.
தொழில்நுட்பக் கல்லூரி அரங்கு.
கிழக்கு வட்டார நடைமுறை உளவியலாளர் மாநாடு, இரண்டாம் நாள்.
எனக்கு உளவியல் தெரியாது.
பெயர் எர்தெம். ஒலிப்பெட்டி என் பொறுப்பு.

நூற்றுப் பதினாறு பேர்.
கோட்டு மாட்டும் இடத்தில் எண்வில்லை தீர்ந்துபோய்
பின்னால் வந்தவர்கள் தங்கள் குளிரை
மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.
தொழில்சார் களைப்பைப் பற்றி இர்கூத்ஸ்க் பேராசிரியர்
நாற்பது நிமிடம் கூடுதலாகப் பேசினார்.
முன்வரிசை கண் திறந்தபடியே தூங்கியது.
பயிற்சி பெற்றவர்கள் அல்லவா.

அடுத்துப் பேச வேண்டியவர் ரிக்ஜெமா,
சகாமென்ஸ்க் பள்ளிக்கூடத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவர்.
மைக்கை அவர் காலரில் நான்தான் செருகினேன்.
கைபேசி அதிர்ந்தது. நடைவழிக்கு ஓடினார்,
மைக்கோடு.
அரங்குக்குக் கேட்காது, குமிழைத் தாழ்த்தியிருந்தேன்.
என் காதுக்கு மட்டும்:

"எங்கே இருக்கிறாய்?... பூட்டிக்கொண்டாயா?
சரி. பூட்டியே இருக்கட்டும்.
ஜன்னலில் என்ன தெரிகிறது, சொல்லு.
ம்.
ம்.
கொதிகலன் கூடத்துப் புகைபோக்கி. ம். அப்புறம்?"

காதுக்கருவியைக் கழற்றியிருக்க வேண்டும்.
கை எழுந்தது. பாதியில் நின்றது.
எதிர்முனையில் யாரென்று இன்றுவரை தெரியாது.
சின்னப் பிள்ளையாக இருக்கலாம்.
"நாய்க்கு மூணு காலா? நல்லா பாரு" என்று ஒருமுறை சிரித்தார்,
சிரித்ததை மூக்கால் உறிஞ்சிக்கொண்டார்.
பதினோரு நிமிடம்.
"அத்தை வந்தாச்சா? போனை அவளிடம் கொடு."

மேடையில் அவருக்கு மிஞ்சியது ஆறு நிமிடம்.
தலைப்பு: செவிமடுத்தலின் ஐந்து படிநிலைகள்.
இரண்டாம் படியில் மணி அடித்துவிட்டார்கள்.
திரையில் சதவீதங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.
தேநீருக்கு எழுந்துகொண்டே கைதட்டினார்கள்.

மைக்கைக் கழற்றும்போது பச்சை விளக்கைப் பார்த்தார்.
பிறகு என்னை.
"இது எப்போதிலிருந்து..."
"பேட்டரி போய்விட்டது" என்றேன்,
எரியும் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு.
"ம்" என்றார்.

சாயங்காலம் ஆள் தெரியாமல் எனக்கும் ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள்.
எட்டாம் கேள்வி: மாநாட்டில் உங்களுக்கு மிகவும் பயன்பட்டது எது?
மூன்று வரி இடம்.
எழுதினேன். அடித்தேன்.
நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் காலுக்கு
முட்டுக்கொடுத்தேன்.
நாளைக்கும் அமர்வு இருக்கிறது.