தூக்கலா

போனஸ் கவரைப் பிரிக்கும் முன்னே
மெஹருன்னிசா சொல்லிவிட்டாள்:
"இன்னிக்கி பார்சல் பேச்சே கெடையாது.
நின்னு துன்னுட்டுதான் போறோம்."

பீச் ஸ்டேஷன் எதிர்ச் சந்து.
அத்தோக்காரர் கை
பேசினுக்குள் சுழல்கிறது:
ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணி,
கருகும் முன் எடுத்த பூண்டு,
ஒரு பிடி நொறுக்கிய தட்டை.
"காரம்?" என்கிறார், நிமிராமல்.
வீட்டில் பதினோரு வருஷமாய்
நான்தான் எல்லோரையும் கேட்கிறேன் அதை.

"தூக்கலா" என்றேன்.
அப்படிப் பிடிக்குமென்று
வாய் சொல்லித்தான் தெரிந்தது.

வாழைத்தண்டு சூப்புக்குக் காசில்லை.
ஸ்டெல்லா நாலாவது கிண்ணம் நீட்ட
ஒரு பார்வை பார்த்தார்,
ஊற்றினார்.
முட்டையைக் கீறி, வெங்காயம் திணித்து,
முழுசாய் வாயில் போட்ட நேரம் பார்த்து
அவள் சூப்பர்வைசர் மாதிரி இருமிக் காட்ட
எனக்குப் புரை ஏறி
மெஹருன்னிசாவின் துப்பட்டாவெல்லாம் எண்ணெய்.

போன்.
அவர்தான்.
"எங்க கீற?"
"ஸ்டாக் எடுக்குறாங்க. லேட்டாவும்."
பின்னால் தவாவில் கரண்டி
டக்கடக்கென்று அடிக்கிறது.
போதாததற்கு ஒரு கும்மிடிப்பூண்டி வண்டி
கூவிக்கொண்டு போகிறது.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு, தொண்டையைச் செருமி:
"பேஜோ ஒண்ணு வாங்கிக்க.
சூப்ப தனியா கட்டச் சொல்லு,
ஊறிடும்."

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க
நான் அப்போதுதான்
கவரைப் பிரித்தேன்.