ஒன்று

டொலீடோவில், மாதா கோயிலின் கீழ்த்தளத்தில்
மாதம் ஒரு ஞாயிறு எங்கள் சந்தை.
பத்துக்குப் பத்து வாங்கிய அட்டைகளை
விளக்கடியில் நிறுத்தியிருப்பேன்.
கூபியாக் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.
பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்;
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே கேட்பார்:
"ஒன்று ஏதாவது வந்ததா, லோரெட்டா?"

ஒன்று என்றால் பத்துக்கு ஒன்று.
மூலை மழுங்கியது, நடுவே மடிந்தது,
சைக்கிள் சக்கரத்தில் படபடத்துத் தேய்ந்தது.
அதையும் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து
'மோசம்' என்று முத்திரையிட்டு அனுப்புகிறார்கள்.
உள்ளே இருப்பதைவிடக் கூட்டுக்குச் செலவு அதிகம்.

இன்று இருந்தது ஒன்று.
ஐம்பத்து நான்காம் வருஷத்து பேஸ்பால்காரர்,
யாருக்கும் நினைவில்லாத மீசை.
தொப்பியில் குண்டூசித் துளை.
பின்னால் பென்சிலில்:
'ஆர்லோவுடையது. தொடதே.'
கால் விட்டுப்போன தொடாதே.

பன்னிரண்டு டாலர் என்றேன்.
பக்கத்து மேசை டெரிக்
அதே மீசையை, எட்டு வாங்கியதை,
அதே விலைக்கு நீட்டினான்.
வம்புக்குத்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்.
கூபியாக் மரியாதைக்கு வாங்கினார்,
முன்னும் பின்னும் பார்த்தார்.
"இதில் பேர் இல்லையே."

பிறகு என்னுடையதை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
துளை வழியே இறங்கி
அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது
கடுகளவு வெளிச்சம்.
அவருக்குத் தெரியாது, நான் சொல்லவுமில்லை.

பதினொன்றை எண்ணி வைத்தார்.
மிச்சம் ஒரு டாலருக்கு
காப்பி வாங்கி வந்து தந்தார்.
ஆறிப்போயிருந்தது.