இருபத்தெட்டாம் நாள்

அடிவாரச் செக்போஸ்டில் பிடுங்கிய பாட்டில்கள்
ஞாயிறு ராத்திரி எங்கள் கொட்டகைக்கு வரும்.
கொண்டுவருகிறவர் லைன்மேடு அபுதாகிர்.
எடை போடுமுன் ஒவ்வொரு மூட்டையையும்
காலால் ஒரு தட்டுத் தட்டுவார்.
"எல்லாம் ஏற்காடு போய்ட்டு வந்த சரக்குங்க.
தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும்."

போகவே இல்லை அவை.
முதல் வளைவுக்கு முன்பே மாட்டிக்கொண்டவை.
அதைச் சொல்லி அவர் மனசை உடைப்பானேன்.

உடைப்பதற்கு வேறு இருக்கிறது.
நூற்றுத் தொண்ணூறு டிகிரியில் கொதிக்கிற கிளைக்கால்,
அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி:
வெள்ளைக்கல் கரட்டிலிருந்து வந்த மேக்னசைட்,
சுட்டு அரைத்தது.
உருக்காலைக்குச் செங்கல்லாகப் போகவேண்டிய கல்
இங்கே முடிச்சவிழ்க்கும் வேலை பார்க்கிறது.
சங்கிலி கண்ணி கண்ணியாய்க் கழலும்,
சண்டை போடாமல்.

பதினெட்டுத் தடவை தேன்நிறக் கூழ்தான்.
ஒரு தடவை லேபிளோடு வந்த பிவிசியால்,
ஒரு தடவை கரண்டால்,
மற்றதெல்லாம் என்னால்.
பத்தொன்பதாவது இரவு குளிர்பெட்டியைத் திறந்தால்
குடுவைக்குள் ஊசி ஊசியாய் வெள்ளை.
பாவாயி செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.
"ஜவ்வரிசி ஆகும்னு நெனச்சேன் மேடம்,
சேமியால்ல ஆயிருக்கு."

விடிகாலை பின்பக்கம் கைகழுவப் போனேன்.
பாட்டில் அலசிய தண்ணீர் போகும் சாக்கடையில்
முழங்கால் உயரம் நுரை.
அழகாய்த்தான் இருந்தது.
நாய் ஒன்று அதை மோந்துவிட்டு
வெள்ளை மீசையோடு போயிற்று.
நாலு தெரு தள்ளித் திருமணிமுத்தாறு.
பாட்டில் பிழைத்துவிட்டது, சரி.

ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையில்
புளித்த மாவுத் தண்ணீரைக் கேன் கேனாய்த் தந்தார்கள்,
எடுத்துப்போனால் போதும் என்று கும்பிட்டு.
அதைச் சர்க்கரையாக்கி,
சர்க்கரையின் வாலில்
தேங்காயெண்ணெய்க் கொழுப்பைக் கோத்தேன்.
லீ பஜார் தரகன் மாதிரி ஒரு மூலக்கூறு:
ஒரு கை தண்ணீரிடம், ஒரு கை பிசுக்கிடம்,
துண்டுக்கு அடியில் விரல் பிடித்து
இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடும்.

தொட்டியில் ஊற்றியதும் பாவாயி வேலையை நிறுத்தினாள்.
"நுரையே வரலியே.
அழுக்குப் போச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?"
பாட்டிலைத் தேய்த்துக் காட்டினேன், கிறீச்சென்றது.
அவள் நம்பவில்லை.
நியாயம்தான். சுத்தம் என்று சொல்லி
என் படிப்புப் படித்தவர்கள் இத்தனை காலம்
நுரையைத்தானே விற்றார்கள்.
பத்து நாள் கழித்து
அவள் விரலிடுக்கில் புண் ஆறியிருந்தது.
அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனிப் பரீட்சை.
இருட்டில் ஒரு குடுவை, கொஞ்சம் சாக்கடைச் சேறு,
அதில் எங்கள் சோப்பு ஒரு துளி.
கிருமிகள் தின்றால் மூச்சு விடும்.
விட்ட மூச்சைத் தினமும் குறிக்கவேண்டும்,
இருபத்தெட்டு நாள்.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாளும்.
பாவாயி எட்டிப் பார்த்து
"புடிக்கலையாட்ட இருக்கு" என்றாள்.
ஒன்பதாம் நாள் கோடு எழும்பியது,
பந்திக்குப் பிந்தியவன் சோற்றைக் கண்டதுபோல்.

இருபத்தெட்டாம் நாள் எழுபத்தொன்று சதவீதம்.
"பாஸ் மார்க் எவ்ளோ?" என்றார் அபுதாகிர்.
"அறுபது."
போய் எல்லோருக்கும் முட்டை போண்டா வாங்கிவந்தார்.

மிச்சம் இருபத்தொன்பது
கிருமிகளின் உடம்பாகவே ஆகியிருக்கலாம்
என்கிறது பாடப்புத்தகம்.
ஆகியிருக்கலாம்.

எல்லோரும் போனபின்
குடுவையைக் கொட்டப் போனவள், கொட்டவில்லை.
எண்ணெய்க் கையோடு பென்சில் எடுத்து
29 என்று எழுதி
மறுபடி இருட்டில் வைத்தேன்.