உன் பக்கம்தான்

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை.
டுலூத் நகரின் மேட்டில்
சுப்பீரியர் ஏரிக்கு நேரே முகத்தைக் கொடுத்து நிற்கிற வீட்டுக்குப்
பதினேழு சன்னல்கள்.
ஒவ்வொன்றின் மேலும் மாட்ட இன்னொரு சன்னல்,
காற்று கடிக்கும் மாதங்களுக்கு.
கோடை முழுக்க அவை நிலவறைச் சுவரில் சாய்ந்து
சிலந்திகளுக்கு வாடகையில்லாமல் இடம் கொடுத்தன.

வெண்டெல் அதைச் செய்து மூன்று வருஷமாகிறது.
தொட்டில்கட்டிலின் பக்கச்சட்டம் இரண்டு
(அதில் கிடந்தவன் இப்போது தாதுக்கப்பலில் சமையல்காரன்),
எந்தக் கதவினுடையதோ ஒரு கீல்,
பின்காலுக்கு ஒரு ஹாக்கி மட்டை,
கால்கள் அகன்று படுத்துவிடாமல் நாய்ச்சங்கிலி.
சட்டம் உட்கார இரண்டு முளை,
முளைகளுக்குச் சைக்கிள் ட்யூப் உறை.
நடுவில் ஒன்றுமே கிடையாது.
அந்த ஒன்றுமில்லாததில்தான் அவனுக்குப் பெருமை:
திருப்பவே வேண்டாம், பார்,
நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஓவியர்கள் வைத்திருப்பார்களே, அது.
ஈசல்.
தமிழில் எழுதினால் அந்தச் சொல்லுக்குச் சிறகு முளைத்துவிடுகிறது,
கூடவே ஒரு நாள் ஆயுசும்.
சிறகு இதற்கு இல்லை. ஆயுசு சரி.
வருஷத்துக்கு ஒரு நாள் புல்லில் நிற்கும்.
மறுநாள் ஆணியில் தொங்கும்.

வெந்நீர், வினிகர், போன வார நாளிதழ்.
அவன் மேலிருந்து கீழே துடைப்பான்,
ஆர்டிஸ் இடமிருந்து வலம்.
கோடு நின்றால் கோடு தெரு, குறுக்கே போனால் அவள்
என்று முதல் வருஷமே ஒப்பந்தம்.
சண்டை வராமல் இருக்க.

இந்த வருஷம் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.
நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்
ஓர் அறை எடுத்திருக்கிறாள்.
இரவு வேலை முடிந்து பனியில் இந்த மேடு ஏற முடியாது
என்பது காரணம்.
அதுதான் காரணமா என்று அவன் கேட்கவில்லை.
ஒன்று, என்றான். இரண்டு, என்றான்.
சட்டத்தின் விளிம்பில் உளியால் வெட்டிய எண்களை
வாசித்து வாசித்து எட்டு வரை வந்தார்கள்.

ஒன்பதில் ஒரு மங்கல்.
கட்டைவிரல் அளவு.

உன் பக்கம்தான், என்றாள்.
துடைத்தான். போகவில்லை.
உன் பக்கம்.
துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள்.
நிற்கிற கோடும் இல்லை, குறுக்கும் இல்லை.
இருவரும் ஒரே இடத்தில்
தாளை வைத்து அழுத்தினார்கள், நடுவே கண்ணாடி.
அவன் மூச்சு அங்கே வெள்ளையாகப் படிந்து கலைந்தது.
அப்போதுதான் அவன் புருவம்
நெற்றிக்குத் தாவியதைப் பார்த்தாள்.
தலையை அசைத்தான், இறங்கியது.
அசைத்தான், மறுபடி ஏறியது.

எங்கே, இங்கேயா? என்று
தப்பான இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தான்.
கொஞ்சம் இடப்பக்கம், என்றாள்.
இன்னும் கொஞ்சம்.
மூக்கு நீண்டது.
ஆகஸ்டுக்குப் பிறகு அவள் சிரித்தது இது முதல் தடவை,
எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

அவன் குனிந்து வாளியை நகர்த்தியபோது
தோள் இருந்த இடத்தில் ஏரி.
ஒரு கப்பல் அந்த மங்கலுக்குள் வந்தது,
நடுவில் ஒடிந்து இரண்டானது,
ஒரு கணம்,
பிறகு வெளியேறி ஒன்றாகத் தன் வழியே போனது.

இது அழுக்கில்லை, என்றாள்.
கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. ஊற்றும்போதே.

காதில் செருகியிருந்த பென்சிலை அவன் காதிலிருந்து எடுத்து
ஒன்பது என்று வெட்டியிருந்ததற்குப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் எழுதினாள்:
உள்ளே இருக்கிறது. தேய்க்காதே.

அடுத்த அக்டோபரில் யார் எந்தப் பக்கமோ.
அவன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைப் படித்தான்,
இவ்வளவு சின்ன வாக்கியத்துக்குத் தேவையானதைவிட
அதிக நேரம்.

பிறகு பென்சிலை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான்.
பத்து, என்றான்.
இது கனம். நீயும் ஒரு பக்கம் பிடி.