உப்பு நகர்ந்தது

இறால் குட்டை கசிந்தது.
யாரும் வெட்டவில்லை, அதனால்
குற்றமில்லை என்றது ஸ்டேஷன்.
குஞ்சிதபாதத்துக்கும் எனக்கும்
பத்திரம் இல்லை, வாய்ச்சொல்கூட இல்லை;
வரப்பு ஒன்றுதான் பொது.
சர்வேயர் சங்கிலி போட்டுப் பார்த்தார்:
கல் நகரவில்லை.
உப்புதான் நகர்ந்திருந்தது.

ஆறு மா சம்பா
பால் பிடிக்கிற நேரத்தில் வெளுத்துப்போனது.

மூன்று இரவு
தலைமாட்டில் அரிவாள்.

சீர்காழி முன்சீப் கோர்ட் வாசலில்
வக்கீல் தையல்நாயகி கேட்டார்:
"அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"
"பக்கத்து வயல்."
"அது போதும்."
மடியில் தாளை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஏழு வருஷம். கேட்டதில் பாதி நட்டஈடு,
அதுவும் தவணையில்.
பேச்சுவார்த்தை இன்னும் கிடையாது.
ஆனால் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னாலும்
தன் கரைக்குக் களிமண் அடிக்கிறான்
குஞ்சிதபாதம்,
என் பக்கம் பார்க்காமல்.

அரிவாள்
புல்லறுக்கப் போயிருக்கிறது.