யன்னல் உள்ள அறைகள்

காணிக் கந்தோரில் கேட்டார்கள்:
"ஆர் இந்த மக்கிரையன்?"
உறுதியில் எங்கள் வளவின் பெயர் அது.
மக்கிரையன் வளவு, ஒட்டுசுட்டான், பரப்பு பதினெட்டு,
வடக்கெல்லை குளக்கட்டு.
ஏதோ பழைய கோயிலின் பூசகராக்கும் என்று
நினைத்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

முல்லைத்தீவில் இருந்த ஏடு எரிந்தது.
அதன் இரட்டைப் பிரதி கொழும்பில் எரியவில்லை.
மூன்று பஸ், இரண்டு வரிசை, ஒரு முத்திரை.
1888, ஐப்பசி.
டங்கன் மக்ரே, குளவேலை ஓவசியர்,
வயது நாற்பதளவில்.
காரணம்: காய்ச்சல்.
பெற்றோர்: தெரியாது.
அறிவித்தவர்: பொன்னி, சாகும்போது அருகிலிருந்தவள்.
உறவு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கையொப்பத்துக்கு ஒரு புள்ளடி.

அந்தக் கோட்டின் பேத்திக்குப் பேத்தி நான்.

கிளாஸ்கோவில் மச்சாள் வதனி இருக்கிறாள்.
காசு கட்டிக் கட்டி ஒவ்வொரு பக்கமாய்த் திறந்து
படமெடுத்து அனுப்புகிறாள்.
இங்கே குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல்.
அவன் கட்டிய கட்டில் நின்றுதான்
அவனைத் தேடுகிறேன்.

1851: டங்கன், வயது ஐந்து, கிண்டெயில்,
தகப்பன் ஆட்டு மேய்ப்பன்.
இவனாக இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு பங்கிலேயே
டங்கன் மக்ரே நாலு பேர்,
எங்கட ஊரில் கந்தையா மாதிரி.
ஒருவன் அம்மையில் போனான். கழித்தேன்.
ஒருவன் கனடாவில் எழுபதைத் தாண்டினான். கழித்தேன்.
ஒருவன் 1891இலும் அங்கேயே
செம்மறி எண்ணிக்கொண்டிருக்கிறான்.
மிஞ்சியவன் எங்களுடையவன்.

1861. தாய் இசபெல், கைம்பெண். இரண்டு பெண்பிள்ளைகள்.
அந்த வருசக் குடிசன மதிப்பில் ஒரு புதுக் கேள்வி:
யன்னல் உள்ள அறைகள் எத்தனை?
ஒன்று.
டங்கன் இல்லை.
பதினைந்து வயதுப் பெடியன்
அயல் பங்குகளில் இல்லை, கப்பலில் இல்லை,
மறியல் வீட்டுப் பட்டியலிலும் இல்லை.
"பிழையாய் எழுதியிருப்பாங்கள்," என்கிறாள் வதனி, "விடு."

வதனி வெள்ளெனவே போனவள்.
எண்ண வருகிறவர்களை அவளுக்குத் தெரியாது.
எங்கள் படலைக்கு வந்தபோது
பிள்ளைகள் மூன்று என்றா அம்மா.
நாலாவது, நெல் மூட்டைகளுக்குப் பின்னால்
தும்மலை விழுங்கிக்கொண்டு இருந்தது.
நிதர்சன், பதினாறு.
குடும்ப அட்டையில் பதின்மூன்று.
பிறகு அட்டையிலும் இல்லை.

பிறகு முகாமில்
வேறு கொப்பியோடு வேறு ஆட்கள் வந்தார்கள்.
அவர்கள் கேட்டு முடிக்க முதலே அம்மா நாலு என்றா.
தலைகளைப் பார்த்துவிட்டு
மூன்று என்று எழுதினார்கள்.
தறப்பாளுக்கு யன்னல் உண்டோ என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே இசபெலை எனக்குத் தெரியும்.
ஏன் ஒளித்தாள் என்று தெரியாது,
பட்டாளமோ, கடனோ, களவெடுத்த ஆடோ.
குரல் மட்டும் தெரியும்:
தேவைக்கு மேல் உரத்த, தேவைக்கு மேல் உபசரிக்கிற,
குடிக்க ஏதும் எடுக்கட்டோ என்று கேட்டபடி
அறையின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டு நிற்கிற குரல்.

அவள் 1879இல் செத்தாள்.
அறிவித்தவள் அயல்காரி.
அங்கேயும் ஒரு புள்ளடி. பெருக்கல் குறிபோலக் கொஞ்சம் சரிந்தது.
இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் விளங்கவில்லை. மூடவும் மனமில்லை.

கட்டுக்குக் கீழே மாடவிழ்க்க வந்த அம்மா
அண்ணாந்து கேட்கிறா:
"பெடியன் ஆம்பிட்டவனோ?"

எந்தப் பெடியன் என்று நான் கேட்கவில்லை.
"இன்னும் இல்லையம்மா."

வதனியின் செய்தி: காசு இன்னும் கொஞ்சம் கிடக்கு.
எழுபத்தொன்றைத் திறக்கட்டோ?

திற, என்று எழுதினேன்.
ஒரு கோடுதான் போயிருந்தது, சிக்னல்.
கையை உயர்த்திக்கொண்டு
கட்டில் இன்னும் கொஞ்சம் நடந்தேன்.