ஆறினப்புறம் தேன்

அயர்லாந்திலிருந்து தங்கச்சி அனுப்பிய பொட்டலம்
ஏழு வாரம் எங்கெங்கோ கிடந்துவிட்டு
எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு
ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தது.
உள்ளே, மிளகு போலச் சுருங்கிய
கருநீலப் பழங்கள்.
சமையல் தராசில் வைத்தேன்: நூற்றிருபது கிராம்.
மணலியில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவள் நான்,
நிறுக்காமல் எதையும் உள்ளே விடுவதில்லை.

"எல்டர்பெரிக்கா" என்றாள் ஷெர்லின்
வாட்ஸப் குரலில், பின்னால் ஆஸ்பத்திரி மணி.
"பச்சையா ஒண்ணுகூட வாயில போடாத, வாந்தி வரும்.
முக்கா மணி நேரம் கொதிக்கட்டும்.
தேன் மட்டும் ஆறினப்புறம்."
மூன்று முறை கேட்டேன்.
இரண்டாம் முறை அவள் அழுவதுபோல் இருந்தது.
மூன்றாம் முறை, வெறும் சளிதான்.

ஞாயிறு மதியம்
மீன்குழம்புக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்தேன்,
வாடை போகவில்லை, மறுபடி தேய்த்தேன்.
கேன் தண்ணீர் ஆறு டம்ளர்.
பட்டை, இரண்டு கிராம்பு,
இஞ்சி மட்டும் அவள் சொன்னதற்கு இரண்டு பங்கு.
அந்த ஊர் இருமலும் இந்த ஊர் இருமலும் ஒன்றா?

சன்னலைத் திறந்தால் சாம்பல் வருகிறது,
மூடினால் ஆவி போகமாட்டேன் என்கிறது.
பாதி திறந்து வைத்தேன்.
தண்ணீர் முதலில் ரோஸ் ஆனது,
அப்புறம் கத்திரிக்காய்,
அப்புறம், ஆறாம் வகுப்பில் யூனிஃபார்ம் முழுக்க
நான் கொட்டிக்கொண்ட மை.

டில்லிபாபு எட்டிப் பார்த்தான்.
"இன்னா இது, ஊறல் போடுறியா?"
அவன் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் வடிகட்டினேன்,
சொல்லவில்லை.
பிழியப் பிழியக் கை நிறம் மாறியது.
ஆறட்டும் என்று தட்டு போட்டு மூடினேன்.

அப்போதுதான் மெகருன்னிசா வந்தாள்,
கையில் சில்வர் டம்ளர், இடுப்பில் எட்டு மாத ரிஸ்வான்.
"இருமல் மருந்து காய்ச்சுறியாமே,
இவனுக்கு ஒரு சங்கு குடுக்கா."
பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ
காலி டப்பாவை இழுத்துக்கொண்டு நடப்பது கேட்டது.

ஒரு வயசுக்குள் தேன் ஆகாது, அது எனக்கே தெரியும்.
தேன்தான் இன்னும் ஊற்றவில்லையே.
கரண்டியை எடுத்தேன்.
வைத்தேன்.
ஷெர்லினைக் கூப்பிட்டேன், அங்கே அவளுக்கு டூட்டி,
கிசுகிசுத்தாள்:
"அந்தப் பழமே வேணாம்க்கா. மூச்சு விடறப்ப
விலாவுக்குக் கீழ குழி விழுதா பாரு."
சட்டையைத் தூக்கிப் பார்த்தோம்.
விழுந்தது.

ஆட்டோ. தேரடி கிளினிக். டோக்கன் முப்பத்தொன்று.
நர்ஸ் பார்த்தாள், டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினாள்.
சின்ன முகமூடிக்குள் வெள்ளை ஆவி.
ரிஸ்வான் கத்தினான், பிறகு என் ஊதா விரலைப் பிடித்து
வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தான்,
இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மணி பத்தரை.
குண்டான் சில்லென்று கிடந்தது,
இதற்குமேல் ஆற அதற்கு வழியில்லை.
ஒரு பாட்டில் தேன் ஊற்றிக் கலக்கினேன்.
முதல் ஸ்பூனை மெகருன்னிசாவுக்குக் கொடுத்தேன்.
மத்தியானத்திலிருந்து எதுவும் சாப்பிடாதவள்
சுவரில் சாய்ந்து விழுங்கி,
"இஞ்சி ஜாஸ்தி" என்றாள்.

மறுநாள் எடை மேடையில்
சீட்டை நீட்டின என் விரலைப் பார்த்துச் சிரித்தான் டிரைவர்.
"எலக்‌ஷனாக்கா? யாருக்குப் போட்ட?"
முப்பத்தோரு டன், நிலக்கரி,
பின்பக்கம் பாதி திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
"தார்ப்பாயை இழுத்துக் கட்டு" என்றேன்,
"அப்புறம் சீட்டு தரேன்."